லாஜிஸ்டிக்ஸ் வேலை: சரக்கு கைமாறும் இடத்தில்தான் அதன் மதிப்பு

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் கல்லூரி விளம்பரங்களில் தவறாமல் கண்ணில் படும் படிப்புகளில் ஒன்றாகிவிட்டது லாஜிஸ்டிக்ஸ். பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என எல்லாப் பட்டங்களின் பின்னாலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படித்து முடித்ததும் வேலை உறுதி என்கிறது விளம்பரம். லாரி செட்டில் கணக்கு எழுதுவதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு என்று கேட்கிறார்கள் வீட்டில். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம் தீராமல் நீடிக்கிறது.

இந்தத் துறையில் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை. ஆனால் அவை எல்லா வேலைகளிலும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம், உள்ளே போனபின் எதைக் கற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அவை கைக்கு வரும். அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

லாஜிஸ்டிக்ஸ் எதையெல்லாம் உள்ளடக்கியது

ஒரு பொருள் அது உருவாகும் இடத்திலிருந்து பயன்படும் இடத்துக்கு, சொன்ன நாளில், சொன்ன அளவில், கெடாமல், கட்டுப்படியாகும் செலவில் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தேவையான திட்டமிடல், சேமிப்பு, போக்குவரத்து, ஆவணங்கள், கணக்கு அனைத்தும் சேர்ந்ததுதான் லாஜிஸ்டிக்ஸ். லாரியும் கப்பலும் விமானமும் அதில் ஒரு பகுதி. திரும்பி வரும் பழுதான பொருளைக் கையாள்வதும் இதற்குள்தான் வருகிறது.

அடிக்கடி காதில் விழும் சில பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

1. சப்ளை செயின்: மூலப்பொருள் வாங்குவதிலிருந்து வாடிக்கையாளர் கையில் பொருள் சேர்வது வரையிலான முழுச் சங்கிலி. லாஜிஸ்டிக்ஸ் அதன் ஒரு பெரும் பகுதி.

2. ஃபார்வர்டர்: தனக்கென ஒரு கப்பலோ விமானமோ இல்லாமல், ஏற்றுமதியாளருக்காக அவற்றில் இடம் பிடித்து, சரக்கை வாசலிலிருந்து வாசல்வரை கொண்டு சேர்க்கும் நிறுவனம்.

3. கஸ்டம்ஸ் புரோக்கர்: சுங்கத்துறையிடம் உரிமம் பெற்று, ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களைத் தாக்கல் செய்து சரக்கை விடுவிப்பவர். துறைமுகப் பகுதியில் இன்னமும் சி.எச்.ஏ. அல்லது கிளியரிங் ஏஜென்ட் என்றுதான் சொல்வார்கள்.

4. மூன்றாம் தரப்பு நிறுவனம், சுருக்கமாகத் த்ரீ பி.எல்.: ஒரு தொழிற்சாலையின் குடோன், வண்டி, விநியோகம் முழுவதையும் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தித் தரும் நிறுவனம்.

5. சி.எஃப்.எஸ்.: துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர்களில் சரக்கை ஏற்றி இறக்கி, சுங்கச் சோதனையும் நடக்கும் வளாகம். சென்னையில் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இவற்றை நிறையப் பார்க்கலாம்.

ஒரு கண்டெய்னரைப் பின்தொடர்ந்தால்

திருப்பூரில் தைத்த பின்னலாடைகள் நிறைந்த ஒரு கண்டெய்னர் தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து கடைவரை அது பல கைகள் மாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓர் ஆவணம், ஒரு கெடு, பொறுப்பேற்கும் ஓர் ஆள் என மூன்றும் இருக்கும்.

1. தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக் கண்டெய்னரில் அடுக்குகிறார்கள். எந்தப் பெட்டியில் எத்தனை உருப்படி, எந்த அளவு, எந்த நிறம் என்பது பேக்கிங் லிஸ்ட்டில் ஏறுகிறது. கதவை மூடி முத்திரையிட்டதும் முத்திரை எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணில் ஓர் இலக்கம் தவறினால்கூட வண்டி துறைமுக வாசலிலேயே நின்றுவிடும்.

2. லாரி புறப்படும் முன், சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஜி.எஸ்.டி. மின்னணு ஆவணமான ஈ-வே பில் எடுத்தாக வேண்டும். ஓடும் தூரத்தில் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்று அதன் ஆயுள் கணக்கிடப்படுகிறது. வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால், புதிய வண்டியின் எண்ணை அதில் பதிந்த பிறகே நகர முடியும்.

3. ஏற்றுமதிக்கான சுங்க அறிக்கையான ஷிப்பிங் பில், சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளம் வழியாகத் தாக்கலாகிறது. பொருள் எந்த வகை என்பதைக் காட்டும் எச்.எஸ். குறியீடு அதில் சரியாக இருக்க வேண்டும். முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொது, இந்தியா எட்டு இலக்கம்வரை பயன்படுத்துகிறது. பருத்தியில் பின்னிய டி-ஷர்ட்டுக்கும் செயற்கை இழையில் பின்னியதற்கும் குறியீடு வேறு. அதற்கேற்ப ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரித் தொகையும் மாறலாம்.

4. சரக்கோடு சேர்த்த கண்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட எடையைக் கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் இது கட்டாயம். எடை தராத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

5. கட்-ஆஃப் எனப்படும் கெடு நேரத்துக்குள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டியாக வேண்டும். தாமதித்தால் அடுத்த கப்பல்தான். தூத்துக்குடியிலிருந்து பல கண்டெய்னர்கள் ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்பு போய், அங்கே மதர் வெசல் எனப்படும் பெருங்கப்பலுக்கு மாறுகின்றன. இங்கே ஃபீடரைத் தவறவிட்டால் அங்கே பெருங்கப்பலும் தவறிவிடும்.

6. கப்பலில் ஏறியதும் பில் ஆஃப் லேடிங் கிடைக்கிறது. இது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமல்ல, சரக்கின் மீதான உரிமைப் பத்திரமும்கூட. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக் கடிதமான எல்.சி. வழியாகப் பணம் வர வேண்டுமானால், இந்தப் பத்திரத்தில் உள்ள விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். வாங்குபவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வங்கி அதைக் காட்டி ஆவணத்தைத் திருப்பி அனுப்பக்கூடும்.

7. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சில நாட்கள்தான் இலவசம். அதற்கு மேல் பெட்டி வளாகத்திலேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துச் சென்ற பெட்டியைக் காலி செய்து நேரத்தில் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். இரண்டும் நாளாக ஆக ஏறிக்கொண்டே போகும் கட்டணங்கள்.

நெடுஞ்சாலையில் ஓடும்போதும் கடலில் மிதக்கும்போதும் சரக்குக்கு நேரும் சிக்கல்களைவிட, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது நேரும் சிக்கல்களே அதிகம். பணம் கரைவதும் அங்கேதான். ஆகவே அந்த இடத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறை நல்ல விலை கொடுக்கிறது. ஒரு வேலையை ஏற்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது: இந்த வேலையில் எந்தக் கைமாற்றத்துக்கு நான் பொறுப்பு?

இப்போது ஏன் ஆள் தேடுகிறார்கள்

தேவை பெருகியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரியது வரி. 2017 ஜூலை 1-க்கு முன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் தன் சொந்தக் குடோனுக்குச் சரக்கை மாற்றினால் அந்த வரி இல்லை. ஆகவே சோப்பு விற்பவரும் டயர் விற்பவரும் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்தார்கள். அதற்கு வாடகை, அதில் தேங்கும் சரக்கு, அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேர். வரியை மிச்சப்படுத்துவதற்காகவே நாடு முழுக்கக் குட்டிக் குடோன்கள் பெருகின.

ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் மறைந்தது. எல்லையில் லாரிகள் வரிசைகட்டி நின்ற வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போயின. நாலு மாநிலத்துக்கு நாலு சிறிய குடோன் வைத்திருந்தவர், சாலைத் தொடர்பு நன்றாக உள்ள ஓரிடத்தில் ஒரே பெரிய குடோன் போதும் என்ற கணக்குக்கு வந்தார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கம் எழுந்து நிற்கும் உயரமான கிடங்குகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இதனால் வேலையின் தன்மையே மாறியது. சிறிய குடோனில் எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது அங்குள்ள மூத்த ஊழியரின் நினைவில் இருந்தது. பல்லாயிரம் வகைச் சரக்குகள் உள்ள கிடங்கில் அது சாத்தியமில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முகவரி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பார்கோடு, எல்லாவற்றையும் இணைக்கும் மென்பொருள் என்று ஆகிவிட்டது. காலாவதித் தேதி முந்தியது முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியைக் கணினிதான் நினைவூட்டுகிறது. அந்த மென்பொருளை இயக்குபவர், சரக்கிருப்பைச் சரிபார்ப்பவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பணிப் பாதுகாப்பைக் கவனிப்பவர் என்று முன்பு இல்லாத பதவிகள் வந்தன.

அரசின் முடிவுகளும் சேர்ந்துகொண்டன. 2017 நவம்பரில் மத்திய அரசு இத்துறைக்கு உள்கட்டமைப்புத் தகுதி கொடுத்தது. நீண்ட காலக் கடன் பெறுவது இதனால் எளிதாயிற்று. 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வெளியானது. 2023-ல் தமிழ்நாடு தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில், சாலையையும் ரயிலையும் இணைக்கும் பன்முக லாஜிஸ்டிக்ஸ் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சி. என்று மூன்று பெருந்துறைமுகங்கள் ஒரே மாநிலத்தில். காட்டுப்பள்ளித் தனியார் துறைமுகம் தனி. நாமக்கலும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. கார், டயர், செல்பேசி, பின்னலாடை, தோல் பொருள், முட்டை என அனுப்புவதற்குச் சரக்கும் உள்ளூரிலேயே இருக்கிறது.

நன்மைகள்

1. தொழில் மாறினாலும் திறமை செல்லுபடியாகும்

எந்தத் தொழிலும் தன் சரக்கை நகர்த்தித்தான் ஆக வேண்டும். மருந்து நிறுவனக் கிடங்கில் வேலை பார்த்தவர் கார் உதிரிபாக நிறுவனத்துக்குப் போகலாம், அங்கிருந்து ஓர் இணைய வணிக நிறுவனத்துக்கும் போகலாம். பொருள் மாறுமே தவிர, சரக்கிருப்புக் கணக்கும் வண்டித் திட்டமும் ஆவண ஒழுங்கும் மாறாது. ஒரு தொழில் சரியும்போது அதோடு சேர்ந்து விழாமல் பக்கத்துத் தொழிலுக்கு நகர முடிவது பெரிய பாதுகாப்பு. 2020-ல் ஊரடங்கின்போது நாடே வீட்டுக்குள் இருந்தபோதும் சரக்கு வண்டிகள் ஓடியதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2. செய்த வேலையின் பலனை எண்ணிக் காட்டலாம்

பல அலுவலக வேலைகளில் ஒருவர் எவ்வளவு பயன்பட்டார் என்று நிரூபிப்பது கடினம். இங்கே அப்படி இல்லை. விமானச் சரக்கில் நடக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

விமானத்தில் எடைக்கு மட்டும் கட்டணம் போட மாட்டார்கள். பெட்டி அடைக்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு எடை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். இதற்கும் உண்மை எடைக்கும் இடையே எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். கூரியர் நிறுவனங்கள் 5,000-ஆல் வகுப்பது வழக்கம், அங்கே சுமை இன்னும் கூடும்.

60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள ஒரு பெட்டியின் உண்மை எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 1,20,000. வகுத்தால் 20 கிலோ. நிறுவனம் 12 கிலோ சரக்கை அனுப்பி 20 கிலோவுக்குப் பணம் கட்டுகிறது. துணியை இன்னும் இறுக்கமாக மடித்தால் பெட்டியின் உயரத்தை 30 செ.மீ. ஆக்கலாம் என்று ஒரு ஊழியர் கவனித்துச் சொல்கிறார். இப்போது 90,000-ஐ வகுத்தால் 15 கிலோ. 200 பெட்டிகள் போகும் ஓர் அனுப்புதலில் 4,000 கிலோவுக்குக் கட்டிய கட்டணம் 3,000 கிலோவாகக் குறைகிறது. ஒரே அனுப்புதலில் ஒரு டன் கட்டணம் மிச்சம். அட்டைப்பெட்டியின் அளவை மாற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

சம்பள உயர்வு கேட்கும் நாளில் இந்தக் கணக்கு ஒரு பக்கத் தாளில் அவர் கையில் இருக்கும். உழைப்பை எண்ணால் காட்ட முடிகிற துறைகளில் பரிந்துரையும் பின்புலமும் இல்லாதவர்களுக்கு ஓரளவாவது நியாயம் கிடைக்கிறது. இந்தத் துறையின் நன்மைகளில் இதையே முதலாவதாக வைக்கத் தோன்றுகிறது.

3. கீழிருந்து மேலேற முறையான படிகள் உண்டு

கஸ்டம்ஸ் புரோக்கர் தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018-ஆம் ஆண்டின் உரிம விதிமுறைகளின் கீழ் மூன்று நிலைகளில் அடையாள அட்டைகள் உள்ளன. பிளஸ் 2 முடித்த ஒருவர் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் சேர்ந்து எச் கார்டு பெறலாம். ஆவணங்களைச் சுமந்துகொண்டு சுங்க அலுவலகத்துக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் ஓடும் நிலை இது. சில காலம் வேலை பழகி, சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. அப்போது நிறுவனத்தின் சார்பில் சுங்க அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரத்தை அவருக்கு வழங்கலாம். பட்டதாரியான ஜி கார்டுக்காரர் உரிய அனுபவத்துக்குப் பிறகு உரிமத் தேர்வை எழுதலாம். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் தேறியவர் எஃப் கார்டு பெறுகிறார், தன் பெயரிலேயே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் அடைகிறார்.

உரிமத் தேர்வு எளிதல்ல. சுங்கச் சட்டம், வரி அட்டவணை, அந்நியச் செலாவணி விதிகள், பிற துறைகளின் கட்டுப்பாடுகள் எல்லாம் அதில் வரும். ஆனால் எச் கார்டு காலத்தில் தினமும் கையில் தொட்ட தாள்கள்தான் அங்கே கேள்விகளாக வருகின்றன. ஓடி ஓடிக் கற்ற பையனுக்கு அது வெறும் புத்தகப் பாடமாக இருக்காது. இப்படி அனுபவமே தேர்வுக்கான தயாரிப்பாக அமையும் தொழில்கள் குறைவு.

கிடங்கு வேலையில் அரசு உரிமம் கிடையாது. படி உண்டு. அடுக்கிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் பிக்கர், ஷிஃப்ட் பொறுப்பாளர், சரக்கிருப்புக் கட்டுப்பாட்டாளர், கிடங்கு மேலாளர் என்று அது போகும்.

4. கடல் கடந்தும் செல்லுபடியாகும்

20 அடி, 40 அடிக் கண்டெய்னர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவு. எச்.எஸ். குறியீடு பொது. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் என்ற 11 விதிகளும் பொது. சென்னையில் பில் ஆஃப் லேடிங் பழகியவருக்குத் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் அதே பத்திரம்தான். விமானச் சரக்கில் ஆபத்தான பொருள்களைக் கையாளும் பயிற்சியும் அப்படித்தான். லித்தியம் பேட்டரி உள்ள செல்பேசிகள் பெருகியபிறகு அந்தச் சான்றிதழுக்குத் தேவை கூடியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு போகாமலே வெளிநாட்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் போன்ற கப்பல் நிறுவனங்கள் பல நாடுகளின் ஆவண வேலையைச் சென்னையில் அமர்ந்திருக்கும் ஊழியர்களைக் கொண்டு முடிக்கின்றன. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் பெண்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்கள்கூட இந்த அலுவலகங்களுக்கு அனுப்புகின்றன. தயக்கம் சரியா என்பது வேறு. அவர்கள் அங்கிருந்து திட்டமிடல், வாடிக்கையாளர் கணக்கு என்று மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

5. சிறு முதலில் சொந்தத் தொழில்

ஃபார்வர்டிங் நிறுவனம் தொடங்கக் கப்பல் வாங்க வேண்டியதில்லை. தொடர்பும் நாணயமும் ஆவண அறிவும்தான் முதல். சென்னை, தூத்துக்குடி, கோவையில் இன்று இயங்கும் சிறிய நிறுவனங்கள் பலவும் முன்பு யாரிடமோ ஊழியராக இருந்தவர்கள் தொடங்கியவையே.

விளம்பரம் சொல்லாதவை

லாஜிஸ்டிக்ஸில் லட்சக்கணக்கான வேலைகள் என்று சொல்லும்போது, வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் உழைப்பு கடுமையானது, மதிப்புக்குரியது. ஆனால் அங்கே பெரும்பாலும் நிரந்தரப் பணி இல்லை, மேலே ஏறுவதற்குப் படியும் இல்லை. ஐந்து வருடம் ஓட்டினாலும் முதல் நாள் வேலையேதான். தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. அது தேவையான நடவடிக்கை. என்றாலும் பட்டப்படிப்பின் பலனாக இந்த வேலையை ஒரு கல்லூரி காட்டினால் அது ஏமாற்று.

லாரி ஓட்டுநர்களின் நிலையும் கவலைக்குரியது. தூக்கமின்மை, வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பது, வழியில் ஓய்வெடுக்கப் பாதுகாப்பான இடமின்மை ஆகியவற்றால் அடுத்த தலைமுறை அந்த இருக்கைக்கு வரத் தயங்குகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி.

தொடக்கச் சம்பளம் குறைவு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையைச் சோதிக்கும். இரவுப் பணி சகஜம். கட்-ஆஃப் நேரம் பண்டிகை பார்த்து வராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் கிடங்குகளுக்கு உச்ச வேலை.

உலகில் எங்கே என்ன நடந்தாலும் அது இந்த மேசைக்கு வந்து சேரும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக் கிடந்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் சுமார் 10 முதல் 14 நாள் நீண்டது. கட்டணம் ஏறியது. காலிப் பெட்டிகள் திரும்பி வரத் தாமதமானது. இரவோடிரவாக மாற்று வழி தேடியவர்கள் இந்த ஊழியர்கள்தான். இத்தகைய நெருக்கடிகளில் திறமைக்கு மதிப்பு கூடுகிறது, உடலும் மனமும் களைத்துப் போகின்றன. இரண்டும் சேர்ந்தே வரும்.

இயந்திரமயம் எந்த வேலையைத் தின்னும் என்பதும் தெளிவாகவே தெரிகிறது. ஒரு தாளில் இருப்பதைப் பார்த்து இன்னொரு திரையில் தட்டச்சு செய்யும் வேலைக்கு ஆயுள் குறைவு. அந்தத் தாளில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்து, கப்பல் நிறுவனத்திடமும் சுங்க அதிகாரியிடமும் பேசித் திருத்துகிற வேலை அவ்வளவு எளிதில் போகாது.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். கீழுள்ளவற்றைக் கேட்டால் போதும்.

1. படிப்பின் ஒரு பகுதியாக நிறுவனத்தில் ஊதியத்தோடு தொழிற்பழகுநர் பயிற்சி உண்டா? லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலோடு இணைந்து அத்தகைய பட்டப்படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தக் கவுன்சிலின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது. கல்லூரி சொல்வதை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். பயிற்சி இல்லாத லாஜிஸ்டிக்ஸ் பட்டத்தைவிட நல்ல கல்லூரியில் படிக்கும் சாதாரண பி.காம். மேல்.

2. சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள்? பணி நியமன ஆணை கொடுத்தது அந்தப் பெரிய நிறுவனமா, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா?

3. பாடம் நடத்துபவர்களில் துறைமுகத்திலோ கிடங்கிலோ வேலை பார்த்தவர் ஒருவராவது இருக்கிறாரா?

துறைமுக வேலை, கப்பல் மேலாண்மை என்று ஆர்வம் இருந்தால் சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. முதுநிலை அளவில் துறைமுக மேலாண்மைப் படிப்புகள் அங்கே உண்டு. கணிதமும் கணினியும் பிடித்தவர்கள் வண்டி வழித்திட்டம், சரக்குத் தேவைக் கணிப்பு பக்கம் போகலாம். பேச்சுத் திறன் உள்ளவர்களுக்கு ஃபார்வர்டிங். நுணுக்கமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சுங்கம். ஓடியாடி ஆட்களை நடத்தத் தெரிந்தவர்களுக்குக் கிடங்கு.

எந்தப் பக்கம் போனாலும் முதல் வருடத்தில் எக்செல்லையும் இன்கோடெர்ம்ஸையும் கசடறக் கற்பது நல்லது. இன்கோடெர்ம்ஸ் ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் ஏற்றுமதியாளர்கள் பலர் பழக்கத்தால் எஃப்.ஓ.பி. விதியில் விலை பேசுகிறார்கள். அதன்படி சரக்கு கப்பலில் ஏறும்வரை இழப்பு விற்றவருடையது. ஆனால் கண்டெய்னரைத் துறைமுக வளாகத்தில் ஒப்படைத்ததுமே அது அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. வளாகத்தில் காத்திருக்கும் நாட்களில் மழைநீர் புகுந்து துணி நனைந்தால், தன் கையில் இல்லாத சரக்குக்கு அவர் இழப்பைச் சுமக்க வேண்டிவரும். இதனால்தான் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. விதியைப் பயன்படுத்தும்படி, இந்த விதிகளை வகுத்த பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபையே சொல்கிறது. அதில் வாங்குபவர் ஏற்பாடு செய்த கப்பல் நிறுவனத்திடம் குறித்த இடத்தில் பெட்டியை ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறிவிடும். ஒப்பந்தத்தில் மூன்று எழுத்துகளை மாற்றச் சொல்லி முதலாளியிடம் காரணத்தோடு எடுத்துரைக்கும் இளைய ஊழியரை எந்த ஏற்றுமதி நிறுவனமும் எளிதில் விட்டுவிடாது.